ஜகதேவி மலையை நம் பிள்ளைகளும் வரையட்டும்

மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, திப்பு சுல்தானிடமிருந்து, இன்றைய கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது 1792-ல். அதே ஆண்டு ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் தூரிகையோடு இந்தப் பக்கம் வந்தார்கள். ராயக்கோட்டை, வீரபத்ர துர்க்கம், பர்கூர் அருகே உள்ள ஜகதேவி, ஓசூர் என்று இன்று போச்சம்பள்ளிக்காரர்கள் பஸ்ஸில் சாதாரணமாகப் போய்வரும் ஊர்களை வரைந்தார்கள். பிறகு தெற்கே போய்க் குற்றாலம், பாபநாசம் அருவிகளையும் வரைந்தார்கள்.

பட்டாளம் போட்ட பாதையில் வந்தவர்கள்தான். பிடிபட்ட மலைக்கோட்டைகளைப் பார்க்க இங்கிலாந்தில் ஆவல் இருந்தது. படத்துக்குக் கிராக்கியும் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் உழைப்பு அசாத்தியமானது. கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெட்டியின் வில்லை எதிரே தெரியும் மலையைத் தாளில் விழவைக்கும்; அந்தக் கோட்டின் மேலேயே பென்சில் ஓடும். ஊர் திரும்பியபின் அதைச் செப்புத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரித்து, அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டினார்கள். இப்படி 1795 முதல் 1808 வரை வெளியான ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் மொத்தம் 144 படங்கள். அதில் ராயக்கோட்டைக்கும் ஜகதேவிக்கும் இடம் உண்டு.

படம் எடுப்பாக அமைய மரத்தையும் ஆட்களையும் அங்கே இங்கே நகர்த்தியிருக்கலாம். இருந்தாலும், புகைப்படக் கேமரா பிறக்காத காலத்தில் இந்த மலைகள் எப்படி நின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்து லாரியில் ஏற்றும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அந்தச் சாட்சி அவசியம் வேண்டும்.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் பத்திரப்படுத்தியிருக்கும் இந்தப் படங்களை, ஜகதேவி மலையைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? பள்ளிச் சுற்றுலா என்றால் பஸ் ஊட்டிக்கோ மைசூருக்கோ போகிறது. ஓவிய வகுப்பில் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன். கண்ணெதிரே பாறை வெடிப்பும் அதில் தொற்றி நிற்கும் மரமும் உடைந்த மதில் வரிசையும் இருக்க, பிள்ளைகள் பார்க்காத மலையை வரைகிறார்கள். இது வருத்தப்பட வேண்டிய விஷயம்.

சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. படங்களின் காப்புரிமை என்றைக்கோ காலாவதியாகிவிட்டது. பெரிய அளவில் பிரதி எடுத்துக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் ஜகதேவி, ராயக்கோட்டை மலையடிவாரங்களிலும் வைக்கலாம். 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் அதில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைகளில் இருக்கும் அத்தகைய நிறுவனங்கள் இந்தச் செலவை ஏற்கலாம். மாவட்டக் கல்வித் துறை வருடத்துக்கு ஒரு நாளாவது ஓவிய ஆசிரியரோடு பிள்ளைகளை மலையடிக்கு அனுப்பட்டும். வரும் கல்வியாண்டிலேயே தொடங்கட்டும்.