சின்ன வயசு சிநேகிதியும் கலைஞன் பொண்டாட்டியும்

"கூட வெளையாடின பொண்ணுக்கு அவன் எப்பவுமே மூக்கு ஒழுகின பையன்தான், அவனுக்குள்ள இருக்கிற கலைஞன் கண்ணுக்குத் தெரிய மாட்டான்" என்று ஒரு கருத்து ரொம்ப நாளாகவே உலவுகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு.

சத்யஜித் ராயை எடுத்துக்குங்க. அவர் 1921-ல் பிறந்தவர். மனைவி பிஜோயா அவரை விட நாலு வயசு பெரியவர், நெருங்கிய உறவுக்காரர். அப்பா இறந்த பிறகு 1931-ல் கல்கத்தா வந்து, ராய் இருந்த வீட்டிலேயே வளர்ந்தார். ரெண்டு பேருக்கும் மேற்கத்திய இசையும் சினிமாவும்னா உயிர். வயசு, உறவுமுறை ரெண்டுமே சிக்கல். அதனால 1940களின் கடைசியில் பம்பாயில் ரகசியமாகப் பதிவுத் திருமணம். வீட்டுப் பெரியவங்களைச் சம்மதிக்க வெச்சு ஊரறியக் கல்யாணம் அப்புறம்தான்.

'பதேர் பாஞ்சாலி' எடுக்கக் காசில்லாம அல்லாடினப்ப நகையை அடகு வைக்கக் கொடுத்தார் பிஜோயா. இதை எல்லாரும் சொல்வாங்க. நகை கொடுக்கிறதைப் புரிதல்னு நான் சேர்க்க மாட்டேன், நம்ம ஊர்ல குடிக்கிற புருஷனுக்கே கொடுக்கிறாங்க :) எனக்குப் பெரிசாப் படுறது வேற. அப்பு வேஷத்துக்கு எங்கெங்கோ பையன் தேடி அலுத்துப்போன ராய்க்கு, அக்கம்பக்கத்தில் விளையாடிட்டிருந்த பையனைக் காட்டினது பிஜோயாதான். ராய் மனசுல இருந்த அப்பு அவங்க மனசுலயும் அதே முகத்தோட இருந்திருக்கான். இது கூடவே வளர்ந்ததால் மட்டும் வந்துடாது. ஒரே இசைத்தட்டை ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டு வளர்ந்திருக்கணும்.

என் ரூம்மேட் மிருதங்கம் வாசிப்பான், பகல்ல என்னை மாதிரியே ஜாவா. எட்டாங்கிளாஸ்லேருந்து கூடப் படிச்ச பொண்ணைக் கட்டிக்கலாமான்னு ஆறு மாசமா யோசிக்கிறான். "மச்சான், அவளுக்கு என்னைத் தெரியும்டா, என் வாசிப்பைத் தெரியாது" என்கிறான். இதுல நியாயம் இல்லாம இல்லை. பழகின வருஷக் கணக்கு தாளத்தைப் புரிய வைக்காது. அதுக்காக, கச்சேரியில பார்த்து மயங்கி வர்ற பொண்ணு மட்டும் புரிஞ்சுக்குவாளா? அவ மேடையைப் பார்த்து வந்தவ. கச்சேரி சொதப்பின ராத்திரி வாயே திறக்காம உட்கார்ந்திருப்பானே, அந்த ஆளை அவளுக்கு யாருன்னே தெரியாது. சிநேகிதிக்கு அவன் பரீட்சையில கோட்டை விட்ட நாள்லேருந்தே பழக்கம். பிஜோயா கூட, உலகமே ராய் ராய்னு கொண்டாடினப்பவும், தன் நினைவுக் குறிப்புகளில் செல்லப்பேர் சொல்லி மாணிக்னுதான் எழுதறார்.

ஆனா இந்தக் கேள்வியை நாம ஒரு பக்கமாத்தான் கேட்டுட்டிருக்கோம். பிஜோயா நல்லாப் பாடுவார். 1944-ல் வந்த ஒரு வங்காளப் படத்துல நடிச்சும் இருக்கார். கல்யாணத்துக்கப்புறம் நமக்கெல்லாம் அவர் ராயோட மனைவி மட்டும்தான். 'மாணிக் அண்ட் ஐ' ஆங்கிலத்துல வந்ததே 2012-ல், ராய் இறந்து இருபது வருஷம் கழிச்சு. அவரைப் புரிஞ்சுக்க ஆள் இருந்தது சரி, இந்தம்மா பாட்டை?

ரூம்மேட்டோட சிநேகிதி ப்ளஸ் டூ வரைக்கும் பரதம் ஆடினவளாம், அவனே பேச்சுவாக்குல சொன்னது. "ஏன்டா விட்டா?"ன்னு கேட்டேன். "தெரியலடா, கேட்டதில்ல"ன்னான்.