இரு கரைக்கும் அயலாரோ?

‘இரு நாட்டுப் பண்பாட்டிலும் தோய்ந்து வளர்ந்த செல்வம்’ என்றொரு பாராட்டுரை நம் சங்க விழா மேடைகளில் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். நியூ ஜெர்சியிலோ சிட்னியிலோ பிறந்து, விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைக் காண வந்த இடத்தில், நாவுக்குச் சற்றே பிடிபடாத ழகரத்தோடு குறள் ஒப்புவிக்கும் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தி மகிழ்கிறோம். போர்த்துவோம், குழந்தையை யாம் குறை கூறவில்லை. ஆயின், இரு நாடுகளுக்கிடையே வளர்தல் என்றதும் விமானத்தில் வரும் பிள்ளை மட்டும் நம் நினைவுக்கு வருவதேன்? படகில் வந்தவரின் பிள்ளை வராததேன்? முன்னவரைப் பண்பாட்டுப் பாலம் என்கிறோம். பின்னவரை அகதி என்கிறோம். இந்த ஓரவஞ்சனையை எதிர்த்து வழக்காடவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்திலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து வந்தவர்கள் மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் பவானிசாகரிலும் திருச்சி கொட்டப்பட்டிலும் இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் தங்கவைக்கப்பட்டனர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி முகாம்களில் மட்டும் ஏறத்தாழ 58,000 பேர். அவ்வாண்டு தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. நல்ல செயலே. பெயர் மாறியது, பெயர்ப்பலகைக்குப் பின்னிருக்கும் மாணவனின் நிலை மாறியதா?

அவனைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பிறந்தது முகாமில், படித்தது பக்கத்து அரசுப் பள்ளியில். வீட்டில் ‘ஓம்’, பள்ளியில் ‘ஆமாம்’. வீட்டில் கதைக்கிறான், பள்ளியில் பேசுகிறான். தாயின் கையால் பிட்டும் சொதியும் உண்டு வளர்ந்தவன், பள்ளியின் சத்துணவுச் சாம்பாருக்கும் பழகியவன். பாட்டி நாள்தோறும் வருணிக்கும் கிணற்றடியையும் பனந்தோப்பையும் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் ‘உன் ஊர் எது’ என்றால் அதைத்தான் சொல்லவேண்டும் என்று கற்றிருக்கிறான். ஆள் கணக்கெடுக்கும் நாளை முகாமில் ‘செக்கிங்’ என்பர். அன்று வகுப்பில் இருப்பதா, வரிசையில் நிற்பதா என்ற கேள்வி நம் பிள்ளைகள் எவருக்கும் எழுந்ததில்லை.

பாடநூலின் முதற்பக்கங்களில் ஓர் உறுதிமொழி அச்சிட்டிருக்கிறது. இந்நாடு என் நாடு என்று கைநீட்டிச் சொல்லவைக்கும் உறுதிமொழி அது. முகாம் மாணவனும் அதைத்தான் சொல்கிறான், பன்னிரண்டு ஆண்டுகள். சொல்லிக்கொடுத்ததும் அரசின் பள்ளி. வெளியிட்டதும் அரசே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கடவுச்சீட்டு விண்ணப்பத்திலோ வேலை விண்ணப்பத்திலோ ‘குடியுரிமை’ என்ற கட்டத்தின் முன் அவன் நிற்கும்போது, நீ சொன்னதை நாங்கள் நம்பவில்லை என்று சொல்வதும் அரசே. நம்பாத உறுதிமொழியைக் குழந்தையின் வாயில் ஊட்டுவது என்ன அறம்?

சட்டம் சொல்வதையும் பார்த்துவிடுவோம். 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பொதுவாக இந்தியக் குடிமக்களே. அவ்வுரிமையைக் காட்டிக் கடவுச்சீட்டுப் பெறுவதற்கே முகாமில் பிறந்த ஒருவர் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது; ஆணை வந்தது 2022-ல். 1987-க்குப் பின் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் 2004 டிசம்பர் 3 முதல் அவ்வாயிலையும் அடைத்தது. ஒருவர் இந்தியராயினும், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருந்தால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. முகாம் இளைஞனை மணந்த உள்ளூர்ப் பெண்ணின் மகவும் அந்நியனே! பதிவின் வழியாகவோ, நெடுநாள் வாழ்ந்த உரிமையாலோ கேட்கலாமென்றால், அங்கும் அதே சொல் குறுக்கே நிற்கிறது. நாற்பதாண்டு வாழ்ந்தாலும் அந்த ஆண்டுகள் கணக்கில் சேரா.

அந்தச் சொல்லை உற்று நோக்குங்கள். முகாம்களில் வாழ்வோரில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிகள் அழைத்துச்சென்ற கூலிகளின் வழித்தோன்றல்கள். 1948-ல் சுதந்திர இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அங்கே அவர்களுக்கு வழங்கிய வசைப்பெயர் ‘கள்ளத்தோணி’. 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடியவர்கள், போர் அங்கும் துரத்த, மெய்யாகவே தோணியேறி முப்பாட்டன் பிறந்த மண்ணுக்கு வந்தனர். வந்தவர்களை நம் சட்டம் எப்படி வரவேற்றது? சட்டவிரோதக் குடியேறி! கள்ளத்தோணி என்பதற்கு இதைவிடத் துல்லியமான மொழிபெயர்ப்பு உண்டா? பாட்டன் அங்கே இந்தியன். பேரன் இங்கே இலங்கையன்.

தலைநகர் வாழ் தமிழராகிய நமக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. 1964 ஜனவரியில் இதே தில்லியில் தனிநாயகம் அடிகளார் முதலிய அறிஞர் கூடி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தனர். அதை எழுதாத தமிழ் விழா மலர் அரிது. அதே ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், இதே தில்லியில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பத்தாண்டு கழித்து அவர்களையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் ஆட்டுமந்தையைப் பிரிப்பவன்கூடத் தாயையும் குட்டியையும் பார்த்துப் பிரிப்பான். ஜனவரியை மலர் மலராக எழுதிய நாம், அக்டோபரை ஏன் எழுதவில்லை?

அயல்நாட்டு மாணவன் என்று விலக்குவோர் ஒன்றை நினைத்தல் நலம். 1857-ல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார். அவருள் ஒருவரே கலித்தொகையை அச்சிலேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931-ல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலாநந்த அடிகள் மட்டக்களப்புப் பகுதியினர். தனிநாயகம் அடிகளார் தமிழ் பயின்றதும் அங்கேயே. அன்று இரு கரையிலும் வெள்ளையனே ஆண்டான், ஆகவே எல்லை தடுக்கவில்லை என்பீர்கள். மெய்தான். அந்நியன் ஆட்சியில் திறந்திருந்த கதவு நம்மவர் ஆட்சியில் மூடியிருக்கிறது என்பது நமக்குப் பெருமையா?

மறுப்புரைகள் சிலவற்றை அறிவோம். 1991 மே 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த கொடுமையை மறக்கலாகுமா என்பர். மறக்கலாகாது. ஆனால் அதற்குப் பின் பிறந்த குழந்தை அதற்கு எவ்வகையில் பொறுப்பு? இங்கே குடியுரிமை கொடுத்தால் ஈழத்துத் தமிழ் மண் வெறுமையாகும் என்று வருந்துவோரும் உளர். அவ்வருத்தம் நேர்மையானது. எனினும் ஒரு மாணவனின் வாழ்வைப் பணயம் வைத்து நிலத்தைக் காக்க நமக்கு உரிமையில்லை. திரும்ப விரும்புவோர் திரும்பட்டும். சிங்களம் அறியாமலும், இங்கே பெற்ற சான்றிதழுக்கு அங்கே மதிப்புத் தேடியும் அலையாமல் இருக்க வழிசெய்து அனுப்புவோம். இங்கேயே இருக்க விரும்புவோர் இருக்கட்டும். மேடைகளில் முழங்கும் இரட்டைக் குடியுரிமைக் கோரிக்கை எமக்கு உடன்பாடன்று. நம் சட்டம் அதற்கு இடந்தரவில்லை என்பதை முழங்குவோரே அறிவர். கிடைக்காததைக் கேட்டுக் கைதட்டல் பெறுவது எளிது.

2019-ல் குடியுரிமைச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் பெயர்கள் இடம்பெற்றன, இலங்கை இடம்பெறவில்லை. அதே ஆண்டில்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குடியுரிமை வேண்டி வந்த மலையகத் தமிழர் 65 பேரின் கோரிக்கையைப் பரிவோடு ஆராயுமாறு மைய அரசைப் பணித்திருந்தது. 2025-ல், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பயண ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. நன்றி கூறுவோம். ஆயினும், உன்னைச் சிறையில் அடைக்கமாட்டேன் என்பது வேறு, நீ எம்மவன் என்பது வேறு.

பூங்குன்றனார் பாட்டை வரவேற்பிதழில் அச்சிடாத தமிழ்ச்சங்கம் உண்டோ? அவ்விதழை அச்சிடும் செலவில் ஒரு முகாம் மாணவிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம். 1984 முதல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வியையே முதற்பணியாகக் கொண்டு அவர்களுக்கு உழைத்துவருகிறது, அதன் வழியாகவும் உதவலாம். அதனினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. நாடாளுமன்றம் நமக்குப் பேருந்துத் தொலைவில் இருக்கிறது. தமிழகத்திலிருந்து வரும் உறுப்பினர்கள் நம் விழாக்களில் முன்வரிசையில் அமர்கிறார்கள். இம்மண்ணில் பிறந்து இங்கேயே பள்ளிக் கல்வி முடித்த முகாம் பிள்ளைகளைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லினின்று நீக்கும் ஒருவரித் திருத்தத்தை அவர்களிடம் எழுத்தில் கொடுப்போம். அடுத்த விழாவில் மாலையிடுமுன் அது என்னவாயிற்று என்று கேட்போம்.