இறங்காமல் போன விமானம்

கம்பம், கூடலூர் பக்கம் யாரிடமாவது 'சத்திரம்' என்று சொல்லிப் பாருங்கள். புல்மேடு வழியாக சபரிமலைக்கு நடந்து போகிற பாதைதான் ஞாபகத்துக்கு வரும். குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு போய், அங்கிருந்து ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேருகிற இடம். அங்கேதான் மலை மேல என்.சி.சி-க்காக ஒரு ஓடுபாதை போட்டிருக்காங்க. ஏர் விங் மாணவர்களுக்குச் சின்ன விமானத்தில் பயிற்சி கொடுக்க. நீளம் வெறும் 650 மீட்டர்.

2022 ஏப்ரலில் முதல்முறையாக விமானத்தைக் கொண்டு வந்து இறக்கிப் பார்த்தார்கள். வந்துச்சு, சுத்துச்சு, தாழ வந்துச்சு, இறங்காமலே போயிடுச்சு. ஓடுபாதை முனையில் இருக்கிற மேடு இடைஞ்சல் என்றார்கள். அடுத்து இன்னொரு முயற்சி. மறுபடியும் அதே கதை. ஜூலை மழையில் ஓடுபாதையின் ஒரு பக்கம் மண் சரிந்து போனது. கடைசியில் 2022 டிசம்பர் 1-ஆம் தேதிதான் விமானம் தரையைத் தொட்டது.

இந்த இடைப்பட்ட மாசங்களில் நம்ம ஊர் டீக்கடை பெஞ்சுகளில் அடித்த கிண்டல் இருக்கே... "கோடிக்கணக்குல செலவு பண்ணி மாடு மேய்க்கவா?", "ஓட்டத் தெரியாதவனை அனுப்பியிருப்பாங்கண்ணே". முதல் கேள்வி நியாயம். மேடு இருப்பது விமானம் வந்து சுற்றின பிறகுதான் தெரியணுமா? புலிகள் காப்பகத்தை ஒட்டி, மழைக்குச் சரிகிற மண்ணில் ஏன் போட்டார்கள் என்று கேட்கவும் நமக்கு உரிமை இருக்கு. இரண்டாவது கிண்டலோடுதான் எனக்குச் சண்டை.

வந்தது வைரஸ் எஸ்.டபிள்யூ-80 என்கிற ரகம். (பேரைக் கேட்டு பயப்படாதீங்க, ஸ்லோவேனியாக்காரர்கள் வைத்த பேர் :-) ) இரண்டே பேர் உட்காரலாம். உடம்பு லேசு, இறக்கை நீளம். இன்ஜினை அணைத்தாலும் வெகுதூரம் மிதந்து போகும். அதுதான் அதோட பலம், குட்டை ஓடுபாதையில் அதுதான் தொல்லையும். முன்னால் மேடு இருந்தால் அதைத் தாண்ட உயரமாக வரணும். உயரமாக வந்தால் இறங்கும்போது வேகம் கூடும். வேகம் கூடினால் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். 650 மீட்டரில் பாதியை மிதந்தே தொலைத்துவிட்டால் மிச்சத்தில் பிரேக் பிடிச்சு நிறுத்தணும். நிற்கலைன்னா பள்ளம்.

இதுக்கு மேல காத்து. நம்ம ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலை சும்மாவா நட்டு வெச்சிருக்கான்? ஆடி மாசம் பைக்கில் போனால் வண்டியையே ஒதுக்கித் தள்ளும். காத்து மலை முகட்டைத் தாண்டியதும் மறுபக்கம் குப்புற விழுந்து சுழலும். அந்தச் சுழலில் இந்த மாதிரி லேசான விமானம் மாட்டினால் விமானி கையில் பாதிதான் இருக்கும்.

லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறுகிற பஸ் டிரைவர், எதிரே லாரி வளைவதைப் பார்த்து நிறுத்திப் பின்னால் எடுத்தால் யாராவது சிரிக்கிறோமா? "நல்ல டிரைவருப்பா" என்கிறோம். விமானி அதையே செய்தால் மட்டும் தோல்வியா?

இறங்கியே தீருவது என்று போனவர்கள் கதை நமக்குத் தெரியும். 2010 மே 22, மங்களூர். 'திரும்ப மேலே ஏத்துங்க' என்று துணை விமானி சொல்லியும் கேப்டன் இறக்கினார். 158 பேர் போய்ச் சேர்ந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அந்தக் கேப்டன் முதல் முயற்சியைச் சரியாகத்தான் கைவிட்டார். மறுமுறை பின்காற்றோடு, கொட்டுகிற மழையில், ஏறக்குறைய பாதி ஓடுபாதை கடந்த பிறகு தரை தொட்டார். விமானிகள் இரண்டு பேரோடு சேர்த்து 21 உயிர். அவை பெரிய விமானங்கள், சத்திரத்தில் வந்தது குட்டி, நிஜம்தான். குட்டி என்றால் சும்மா விடுமா? இதே வைரஸ் ரக என்.சி.சி விமானம் 2020 பிப்ரவரியில் பஞ்சாபில் பட்டியாலாவில் விழுந்தது. ஓட்டிய விமானப்படை அதிகாரி இறந்துபோனார், கூட இருந்த மாணவர் காயத்தோடு தப்பினார்.

கோழிக்கோட்டைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். முதல் தடவை திரும்பிப் போவது அவ்வளவு கஷ்டம் இல்லை. இரண்டாவது தடவைதான் கஷ்டம். 'இந்த முறையாவது' என்று கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேலதிகாரி என்ன சொல்வார், பேப்பரில் என்ன போடுவான் என்றெல்லாம் மனசு ஓடும். சத்திரத்தில் இரண்டாவது தடவையும் திரும்பிப் போனார்கள் பாருங்க, எனக்கு அதுதான் டிசம்பரில் இறங்கியதை விடப் பெரிய வேலையாகத் தெரிகிறது. டிசம்பருக்குக் கைதட்டினோம், நல்லது. ஏப்ரலுக்கும் தட்டியிருக்கணும்.

திரும்பிப் போக வழியே இல்லாமல் போவது வேறு கணக்கு. 2025 நவம்பரில் கோளாறான ஒரு பயிற்சி விமானம் திருச்சி - புதுக்கோட்டை ரோட்டிலேயே இறங்கியதே, அந்த மாதிரி. அங்கே கிடைத்த இடத்தில் இறக்குவதுதான் புத்தி. சத்திரத்தில் இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திரும்ப வழி இருந்தது. அந்த வழியை வெட்கப்படாமல் பயன்படுத்தினார்கள்.

என்னைக் கேட்டால், இந்த மாதிரி சோதனை ஓட்டத்துக்குக் கூட்டமும் கேமராவும் வேண்டவே வேண்டாம். இறங்கிய பிறகு சொல்லட்டும். நாளைக்கு தேனிப் பக்கம் ஓடுபாதை கேட்டு யாராவது கொடி பிடித்தாலும் நான் முதலில் கேட்பது நீளம் எவ்வளவு, ஆடிக் காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும், முனையில் என்ன நிற்கிறது என்பதைத்தான். 2018 மார்ச்சில் குரங்கணியில் தீப்பிடித்தபோது மலை மேல் உதவிக்கு வந்தது ஹெலிகாப்டர். அது இறங்க நாலு நல்ல தளம் கேட்டால் நானும் கூட வந்து கையெழுத்துப் போடுகிறேன்.