பிரிந்து போனவர்கள் மீது பழி இல்லை

பிரிட்டனின் சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சி மாநாட்டில் 2013 ஜனவரியில் ஓர் அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 231, எதிர்ப்பு 209, நடுநிலை 18. கட்சியின் முன்னாள் தேசியச் செயலாளர் தன்னைப் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கினார் என்று ஓர் இளம் பெண் தோழர் புகார் கொடுத்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்தார். கட்சியின் தகராறு விசாரணைக் குழு புகாரை ஏற்காமல் முடித்துவைத்தது. அந்த முடிவுக்குத்தான் 231 பேர் ஒப்புதல் தந்தார்கள்.

விசாரித்த ஏழு பேரும் குற்றம் சாட்டப்பட்டவரை நன்கு அறிந்தவர்கள். மத்தியக் குழுவில் அவரோடு உட்கார்ந்தவர்களும் அவர்களில் உண்டு. விசாரணைக்கு வந்த பெண்களிடம் குடிப்பழக்கம் பற்றியும் பழைய உறவுகள் பற்றியும் துருவினார்கள் என்று மாநாட்டு மேடையிலேயே சொல்லப்பட்டது. பெண் விடுதலை பற்றி வண்டி வண்டியாக எழுதிய கட்சி இது. இரண்டு ஆண்டு முன்பு, 2011 மாநாட்டில், இதே விவகாரத்தைப் பூசிமெழுகிச் சொன்னபோது நடந்தது இன்னும் கேவலம்: அந்தத் தலைவருக்காகப் பிரதிநிதிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள், தரையை உதைத்து ஆரவாரித்தார்கள், தொழிலாளர் ஒற்றுமைக் கோஷம் அரங்கை நிறைத்தது.

புகார் கொடுத்த பெண் போலீசுக்குப் போக விரும்பவில்லை. அது அவர் உரிமை. போலீசும் நீதிமன்றமும் இத்தகைய வழக்குகளில் பெண்களைக் கைவிடுவதும் உண்மைதான். ஆனால் அந்த உண்மையைக் கட்சித் தலைமை தனக்குக் கேடயமாக்கிக்கொண்டது. முதலாளித்துவ நீதியில் நம்பிக்கை இல்லாதவர்கள் அதைவிட மேலான நீதியை அல்லவா தந்திருக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர்கள் கதி என்ன? மாநாட்டுக்கு முன்பே நான்கு பேர் நீக்கப்பட்டார்கள். கோஷ்டி அமைக்கலாமா என்று ஃபேஸ்புக்கில் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர்கள் செய்த குற்றம். அந்தக் கட்சி விதிப்படி, மாநாட்டுக்கு முந்தைய மூன்று மாதத்தில் மட்டுமே கோஷ்டிக்கு அனுமதி. மத்தியக் குழுவோ தனக்கு அடுத்து வரவேண்டியவர்களின் பட்டியலைத் தானே தயாரிக்கிறது. முழுநேர ஊழியர்களை நியமிப்பதும் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் அதுதான். வருடம் முழுக்க நிரந்தரமாக இயங்கும் ஒரே கோஷ்டி தலைமைதான் என்று ஆகிவிட்டது. ஜனநாயக மத்தியத்துவம் என்று இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

கோஷ்டித் தடையின் பூர்வீகம் 1921. க்ரோன்ஸ்டாட் மாலுமிகள் கிளர்ந்தெழுந்த நாட்களில், ரஷ்யக் கம்யூனிஸ்டு கட்சியின் பத்தாவது காங்கிரசில் லெனின் கொண்டுவந்த தீர்மானம் அது. ட்ராட்ஸ்கியும் அன்று ஆதரித்தார். 1927-இல் அவரையே கட்சியிலிருந்து வெளியேற்ற உதவிய ஆயுதங்களில் அதுவும் ஒன்று. அவர் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியாதா? தெரியும். மேற்கோள் காட்டவும் தெரியும்.

1985-இல் பிரிட்டனின் இன்னொரு ட்ராட்ஸ்கியக் கட்சியான தொழிலாளர் புரட்சிக் கட்சியில் நடந்ததும் அவர்களுக்குத் தெரியும். அதன் தலைவர் ஜெர்ரி ஹீலியிடம் நெடுங்காலம் செயலாளராக இருந்த பெண், அவரால் பாதிக்கப்பட்டதாக 26 பெண்களின் பெயர்களை எழுதி ஜூலை 1 அன்று கடிதம் கொடுத்தார். தலைமை அதை மாதக்கணக்கில் அமுக்கி வைத்தது. அக்டோபரில்தான் ஹீலி நீக்கப்பட்டார். நீக்கிய தரப்பில் முன்னால் நின்ற பொதுச் செயலாளர் மைக் பண்டா இலங்கையில் பிறந்தவர். ஹீலியின் பக்கம் நின்றவர்களில் நடிகை வனெசா ரெட்கிரேவ் ஒருவர். பின்னர் ஒரே பெயரில் இரண்டு கட்சிகள் ஓடின. லண்டன் பத்திரிகைகளுக்கு நல்ல சிரிப்பு.

சிரிக்க வேண்டிய விஷயம் அதுவன்று. பிளவு என்றாலே அற்பத்தனம் என்ற எண்ணத்தை இலங்கை வாசகர்களாவது ஏற்கமாட்டார்கள். 1964-இல் லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ அரசில் சேர்ந்தபோது எட்மண்ட் சமரக்கொடியும் பாலா தம்புவும் வெளியேறினார்கள். பிளவுவாதிகள் என்று ஏசப்பட்டார்கள். கட்சியில் தங்கியவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வாதான், சிங்களத்தை ஆட்சிமொழியாக்கியும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தும் எழுதப்பட்ட 1972 அரசியலமைப்பின் சிற்பி. ஒரு காலத்தில் சிங்களம், தமிழ் இரு மொழிக்கும் சம அந்தஸ்து கேட்ட கட்சி அது. யார் துரோகி என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

லண்டனிலும் 2013 முழுக்க நூற்றுக்கணக்கானோர் வெளியேறினார்கள். நாவலாசிரியர் சைனா மியேவில் போனார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு உறுப்பினராக இருந்த வரலாற்றாசிரியர் இயன் பிர்ச்சால் டிசம்பரில் போனார். கட்சியை உடைத்தவர்கள் என்ற பழி இவர்கள் மீது விழுந்தது. அதைச் சுமக்க வேண்டியவர்கள் மத்தியக் குழுவும் அதற்குக் கைகொடுத்த 231 பேரும்தான்.

அமெரிக்காவின் சர்வதேச சோஷலிஸ்ட் அமைப்பு அந்த ஆண்டில் லண்டன் தோழர்களுக்கு வெளிப்படையாகவே புத்தி சொன்னது. அதே 2013-இல் தன் உறுப்பினர் ஒருவர் மீது வந்த வல்லுறவுப் புகாரை அதன் தலைமையும் கெடுத்துவைத்திருந்தது 2019 மார்ச்சில் அம்பலமானது. அங்கே உறுப்பினர்கள் சாக்குச் சொல்லவில்லை. 1977 முதல் கட்டிக்காத்த அமைப்பைக் கலைத்துவிட வாக்களித்தார்கள். அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. போனதில் தவறில்லை என்பதே நம் கருத்து.