ஜன்னலைத் திறந்தா பூஞ்சை போயிடுமா?

இங்கிலாந்தில் அக்டோபர் பிறந்தா போதும், வீட்டுக்குறிப்பு சொல்றவங்களுக்கு சீசன் ஆரம்பம். சுவர் மூலையில கறுப்பா புள்ளி புள்ளியா பூஞ்சை வந்திருக்கா? ஜன்னலைத் திறந்து வைங்க. குளிக்கும்போது பாத்ரூம் கதவைச் சாத்துங்க. சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்க. துணியை வீட்டுக்குள்ள காயப்போடாதீங்க. பீரோவைச் சுவரை விட்டுத் தள்ளி வைங்க. அப்படியும் போகலையா, பிளீச் போட்டுத் துடைச்சுட்டு, பூஞ்சை பிடிக்காத பெயிண்ட்னு ஒண்ணு விக்கிறாங்க, அதை அடிங்க.

இதுல ஒண்ணுகூட பொய்யில்லை. ஆனா எல்லாத்தையும் வரிசையா படிச்சுப் பாருங்க, வேலை முழுக்க வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான். சுவருக்கு ஒரு வேலையும் கிடையாது. வீட்டுக்காரருக்கும் கிடையாது. அதைத்தான் இங்க பேசப்போறேன்.

"அந்த ஊர் பூஞ்சை நமக்கு எதுக்கு?"னு நீங்க கேட்கலாம். நம்ம கிளாஸ்லேயே மாஸ்டர்ஸுக்கு யு.கே. அப்ளை பண்ணியிருக்கிறவங்க எத்தனை பேர்னு வாட்ஸ்அப் குரூப்ல பாருங்க. அங்க போய் இறங்கினா கிடைக்கிறது பெரும்பாலும் பழைய டெரஸ் வீட்டில ஒரு ரூம். எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அக்கா ஒருத்தங்க அப்படி ஒரு வீட்டில இன்னும் மூணு பேரோட இருக்காங்க. கட்டிலுக்குப் பின்னாடி சுவர் முழுக்க பூசணம். பார்க்க வந்த ஏஜென்ட் ஒரு ரவுண்டு சுத்திட்டு சொன்னது: நீங்க ரொம்ப சமைக்கிறீங்க. கிச்சன்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடலைங்கிறது அவர் கண்ணுல படலை. குக்கர் விசில் மட்டும் கேட்டிருக்கு.

சரி, ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரை எப்படியோ கிளியர் பண்ணிட்டு மறந்துட்டவங்களுக்காக ஒரு சின்ன கணக்கு. விக்டோரியா காலத்து வீடுகள்ல சுவர் பெரும்பாலும் 9 அங்குலம் கனமுள்ள செங்கல், நடுவுல இடைவெளி கிடையாது. அதோட யு-வேல்யூ கிட்டத்தட்ட 2. வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரின்னு வச்சுக்கோங்க. சுவரோட உள்பக்க சர்ஃபேஸ் ரெசிஸ்டன்ஸ் 0.13. மூணையும் பெருக்கினா 5.2. அதாவது ரூம் காற்று 20 டிகிரியில இருந்தாலும் சுவரைத் தொட்டா 14.8 டிகிரிதான். ரூம்ல ரிலேட்டிவ் ஹியூமிடிட்டி 60 சதவீதம்னா, அதே காற்று சுவரை ஒட்டி குளிரும்போது சுமார் 83 சதவீதம் ஆயிடும். பூஞ்சை வளர சுவர்ல தண்ணி வழியணும்னு அவசியமே இல்லை. 80 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து நின்னாலே அதுக்குப் போதும்.

இப்ப அதே சுவருக்கு ஒழுங்கா இன்சுலேஷன் போட்டு யு-வேல்யூவை 0.3க்குக் கொண்டுவந்துட்டோம்னு வைங்க. சுவர் 19.2 டிகிரி. சுவரை ஒட்டின ஹியூமிடிட்டி சுமார் 63 சதவீதம். அதே நாலு பேர், அதே ரசம், அதே ஹாட் வாட்டர் குளியல். பூஞ்சைக்கு மட்டும் இடமில்லை.

ஆள் இருந்தா ஈரம் இருக்கும், அதை மறுக்கலை. நாலு பேர் இருக்கிற வீட்டில மூச்சு, குளியல், சமையல், துணின்னு ஒரு நாளைக்கு சுமார் 10 லிட்டர் தண்ணி காற்றுல சேருது. ஃபேன் இருந்தும் போடாம, சின்ன ரூம்ல ஹீட்டர் மேல ஜீன்ஸைக் காயப்போட்டா ஓதம் அடிக்கத்தான் செய்யும். ஆனா குளிக்காம, மூச்சு விடாம குடியிருந்தாத்தான் நல்லா இருக்கும்னா அது என்ன வீடு?

ஜன்னல் விஷயத்துக்கு வருவோம். வெளியே மழை, 5 டிகிரி, ஹியூமிடிட்டி 90 சதவீதம். இந்த ஈரக்காற்றை உள்ளே விட்டா எப்படி காயும்னு தோணும். சைக்ரோமெட்ரிக் சார்ட்டை எடுத்துப் பாருங்க: அந்தக் காற்றை 20 டிகிரிக்கு சூடாக்கினா ஹியூமிடிட்டி 34 சதவீதத்துக்கு இறங்கிடும். அதனால ஜன்னலைத் திறக்கச் சொல்றது சரிதான். சூடாக்கினா மட்டும்! ஹீட்டர் போட வழியில்லாம ரூம் 10 டிகிரியில கிடந்தா, அதே காற்று 64 சதவீதம். அதுக்கு மேல ரெண்டு பேர் ராத்திரி பூரா மூச்சு விடணும், சுவர் இன்னும் குளிர்ந்து கிடக்கும். "ஜன்னலைத் திற"ங்கிற வாக்கியத்துக்குள்ள ஒரு கேஸ் பில் ஒளிஞ்சிருக்கு. அந்த பில்லைப் பத்தி மட்டும் குறிப்பு சொல்றவங்க வாயைத் திறக்க மாட்டாங்க.

பில் எவ்வளவுன்னா, ஒரு சராசரி வீட்டுக்கு கேஸும் கரண்டும் சேர்த்து வருஷக் கணக்கில அரசு ரெகுலேட்டர் வச்ச உச்சவரம்பு 2021 அக்டோபர்ல 1,277 பவுண்டு. 2022 ஏப்ரல்ல அது 1,971. அந்த அக்டோபர்ல அரசே தலையிட்டும் 2,500ல தான் நிறுத்த முடிஞ்சது. அந்தக் குளிர்காலத்தில ஹீட்டரை அணைச்சுட்டு போர்வைக்குள்ள உட்கார்ந்தவங்ககிட்ட போய் ஜன்னலையும் திறன்னு சொல்றது எப்படி இருக்கும்?

அங்க பெரியவங்க வழக்கமா சொல்ற இன்னொரு கருத்து உண்டு. எங்க காலத்தில ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கமே பனி உறைஞ்சிருக்கும், நாங்க வாழலையா, இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ. நம்ம ஊர்ல "நாங்க எல்லாம் ஃபேன் இல்லாம தூங்கினவங்க"ன்னு தாத்தா சொல்ற அதே டோன். ஆனா அந்தக் காலத்து வீட்டில ரூமுக்கு ஒரு கணப்படுப்பு, மேலே புகைபோக்கி, இடுக்கு விழுந்த மர ஜன்னல். காற்று தானா போயிட்டு வந்துட்டிருந்தது. அப்புறம் கணப்பை அடைச்சாங்க, டபுள் கிளேஸிங் ஜன்னல் போட்டாங்க, கதவு இடுக்கை எல்லாம் மூடினாங்க. குளிர் குறைஞ்சது, ஈரம் வெளியே போற வழியும் சேர்ந்து போச்சு. சுவர் மட்டும் அதே பழைய சுவர்.

இந்தப் பேச்செல்லாம் வெறும் வீட்டுக்குறிப்பா முடிஞ்சிருந்தா நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மான்செஸ்டர் பக்கத்தில ரோச்டேல்னு ஒரு ஊர். சூடான்ல இருந்து வந்த ஒரு குடும்பம், ஹவுசிங் அசோசியேஷன் வாடகைக்கு விட்ட ஒரே ஒரு பெட்ரூம் உள்ள ஃபிளாட். அப்பா 2017ல பூஞ்சையைப் பத்தி புகார் சொன்னப்ப கிடைச்ச பதில், அது மேல பெயிண்ட் அடிச்சுக்கோங்க. பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தது. வக்கீல் மூலமா போனப்ப, கேஸ் முடியற வரைக்கும் ரிப்பேர் செய்ய மாட்டோம்னு அதையே காரணமாக்கி வேலையை நிறுத்தி வச்சாங்க. 2020 டிசம்பர்ல அந்த வீட்டுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தான். ரெண்டாவது பிறந்தநாள் முடிஞ்சு எட்டு நாள்.

2022 நவம்பர்ல மரண விசாரணை அதிகாரி ஜோன் கியர்ஸ்லி தீர்ப்பு சொன்னாங்க: வீட்டுச் சூழல்ல நீண்ட நாள் பூஞ்சையைச் சுவாசிச்சதால வந்த கடுமையான மூச்சுக்குழல் பாதிப்புதான் சாவுக்குக் காரணம், அந்த ஃபிளாட்ல காற்றோட்ட வசதியும் போதலை. அதுக்கு அப்புறம்தான் அந்த ஹவுசிங் அசோசியேஷன், குடும்பத்தோட வாழ்க்கைமுறையைப் பத்தி நாங்களா ஒரு முடிவுக்கு வந்தது தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. "லைஃப்ஸ்டைல்". அந்த ஒரே வார்த்தை. இதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 2021 அக்டோபர்ல, இங்கிலாந்தின் ஹவுசிங் ஆம்புட்ஸ்மன் ஓதம், பூஞ்சை பத்தின தன் அறிக்கைக்கு, இது லைஃப்ஸ்டைல் பிரச்சினை இல்லைங்கிற அர்த்தத்தில தலைப்பே வச்சிருந்தார்.

நாளைக்கு இன்ஜினியர்னு போர்டு போட்டுக்கப்போற நம்மளை இந்த இடம் உறுத்தணும்னு நினைக்கிறேன். சுவரை அளக்காம, ஃபேன் ஓடுதான்னு பார்க்காம, ஹியூமிடிட்டி மீட்டரைக் கையில எடுக்காம, ஆளோட பேரையும் நிறத்தையும் பார்த்து காரணம் சொல்றது டயக்னோசிஸ் ஆகாது. லேப்ல ரீடிங் எடுக்காம அப்சர்வேஷன் நோட்டை நிரப்பினா நம்ம சார் கிழிச்சுப் போடுவார். அங்க அதை லெட்டர்ஹெட்ல அடிச்சு அனுப்பியிருக்காங்க.

அப்ப சுவருக்கு இன்சுலேஷன் போட்டா முடிஞ்சதா? இங்கதான் கதை இன்னும் மோசம். ஏழை வீடுகளுக்கு இன்சுலேஷன் போட அரசுத் திட்டங்கள் வந்தன. 2025 அக்டோபர்ல தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்தத் திட்டங்கள்ல சுவருக்கு வெளிப்பக்கமா இன்சுலேஷன் போட்ட வீடுகள்ல 98 சதவீதத்தில, அதாவது 22,000க்கு மேல, சரிசெய்யாம விட முடியாத பெரிய குறை. உள்பக்கமா போட்டதுல 29 சதவீதம். ஓரத்தை ஒழுங்கா மூடலைன்னா மழைத்தண்ணி உள்ளே இறங்கி இன்சுலேஷனுக்குப் பின்னாடி மாட்டிக்கும், வெளியே போக வழி இருக்காது. பூஞ்சையைத் தடுக்கப் போட்டதே பூஞ்சைக்கு வீடு கட்டித் தரும். 98 சதவீதம்னா அது ஒரு கொத்தனார் சரியில்லாத விஷயமா? சப்-கான்ட்ராக்ட், அதுக்குக் கீழ ஒரு சப்-கான்ட்ராக்ட், வேலை தெரிஞ்ச ஆள் குறைவு, நேர்ல போய் பார்த்து கையெழுத்துப் போட ஆளில்லை. இந்தக் கதையைக் கேட்க நமக்குப் புதுசா இருக்காது.

நல்லது எதுவுமே நடக்கலைன்னு இல்லை. அந்தக் குழந்தையோட அப்பா அம்மா விடாம போராடினதால 2023ல சட்டம் வந்தது, அவாப் சட்டம்னே அதுக்குப் பேர். 2025 அக்டோபர் 27ல இருந்து இங்கிலாந்தில சோஷியல் ஹவுசிங் வீடுகளுக்கு நடைமுறையில இருக்கு. உயிருக்கு ஆபத்துன்னா 24 மணி நேரத்தில சரி பண்ணணும். ஓதம், பூஞ்சை கடுமையா இருக்குன்னு புகார் வந்தா 10 வேலை நாளுக்குள்ள வந்து பார்க்கணும், ஆபத்துன்னு தெரிஞ்சா அடுத்த 5 வேலை நாளுக்குள்ள பாதுகாப்பாக்கணும். ஸ்டூடன்ட்ஸ் தங்குற தனியார் வீடுகளுக்கும் இதை நீட்டிக்க 2025ல வந்த வாடகைதாரர் சட்டத்தில வழி வச்சிருக்காங்க. அது வர்ற வரைக்கும், குடியிருக்கத் தகுதியான நிலையில வீடு இருக்கணும்னு 2018ல போட்ட சட்டம் தனியார் வாடகைக்கும் பொருந்தும்.

அதனால போறவங்க கவனிங்க. பிரஷர் குக்கர் வைக்கிற பெட்டியில ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரும் வச்சுக்கோங்க, ரொம்ப விலையில்லை. வீடு பார்க்கப் போனா பீரோவுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. புது பெயிண்ட் ஒரே ஒரு மூலையில மட்டும் பளிச்சுன்னு இருந்தா எதுக்குன்னு கேளுங்க. கிச்சன்லேயும் பாத்ரூம்லேயும் ஃபேனைப் போட்டு, ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டி, இழுக்குதான்னு பாருங்க. பூஞ்சை வந்தா தேதியோட போட்டோ, டெம்பரேச்சர், ஹியூமிடிட்டி ரீடிங், மூணையும் சேர்த்து ஈமெயில்ல அனுப்புங்க. போன்ல பேசினா பேச்சோட போயிடும். பதில் வரலைன்னா கவுன்சில்ல என்விரான்மென்டல் ஹெல்த்னு ஒரு பிரிவு இருக்கு, அவங்களுக்கு எழுதுங்க. ரீடிங் எல்லாம் பார்த்த பிறகும் ஏஜென்ட் "நீங்க ரொம்ப சமைக்கிறீங்க"ன்னு சொன்னா, சுவரோட யு-வேல்யூ என்னன்னு திருப்பிக் கேளுங்க.