கட்டடங்களை எண்ணும் பல்கலைக்கழகம்

ஒரு பல்கலைக்கழகம் தன் சாதனைகளைப் பட்டியலிடும்போது எதை முதலில் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கவனித்தாலே, அது தன்னை என்னவாகக் கருதுகிறது என்பது விளங்கிவிடும். திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைப் பற்றி நமக்கு வந்துசேரும் செய்திகளில் புதிய கட்டடங்கள் இருக்கின்றன. ஆய்வகக் கருவிகள், புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், தரமதிப்பீட்டுப் புள்ளிகள், பட்டமளிப்பு விழாக்கள் இருக்கின்றன. இவற்றை நாங்கள் இகழவில்லை. வட்டக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகள் அகஸ்தீஸ்வரத்திலும் நாகர்கோவிலிலும் படித்து வாங்கும் பட்டத்தில் அபிஷேகப்பட்டியின் முத்திரைதான் இருக்கிறது. அதன் உயர்வு எங்கள் உயர்வு. அதனாலேயே கேட்கிறோம்: இந்தப் பட்டியலில் நூல்கள் எங்கே?

அந்தப் பெயருக்கு உரியவரை முதலில் நினைப்போம். பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். 1891இல் வெளிவந்த அவருடைய நாடகத்தின் வாழ்த்துப் பகுதி 1970இல் அரசு விழாக்களுக்கான தமிழ்த்தாய் வாழ்த்தாயிற்று. மேடைகளில் நினைவுகூரப்படுபவர் இந்தச் சுந்தரனார் மட்டுமே. கல்வெட்டுகளைத் தேடிப் படித்து 1894இல் திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி நூல் வெளியிட்ட சுந்தரனாரை மேடைகள் மறந்துவிட்டன. இன்றைய குமரி மாவட்டத்து மணலிக்கரையில் உள்ள, நிலவரி பற்றிய பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டின் அருமையை உலகுக்குச் சொன்னவர் அவர். தன் மண்ணின் கல்லைப் படித்து, படித்ததை அச்சில் தந்ததுதான் அந்தப் பெயரின் பொருள்.

இது நடக்காத காரியமன்று. நம் பல்கலைக்கழகம் 1990இல் எதிலிருந்து பிரிந்து உருவானதோ, அந்த மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கப்பட்டது. தொடங்கிய பத்தாண்டுக்குள்ளேயே கட்டபொம்மு கதைப்பாடல், கான் சாகிபு சண்டை, ஐவர் ராசாக்கள் கதை ஆகிய நாட்டார் கதைப்பாடல்களை அது அச்சிட்டது. பதிப்பித்தவர் நா. வானமாமலை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி, அந்த வருவாயில் வாழ்ந்துகொண்டு ‘ஆராய்ச்சி’ இதழ் கொண்டுவந்தவர்; அப்பல்கலைக்கழகத்தின் ஊதியப் பட்டியலில் இல்லாதவர். பின்னர் 1989இல், தொ. பரமசிவனின் முனைவர் பட்ட ஆய்வான ‘அழகர் கோயில்’ நூலையும் அதுவே வெளியிட்டது. கோயிலுக்கும் அதைச் சூழ வாழும் சாதிகளுக்கும் உள்ள உறவைப் பேசும் அந்த நூலை இலக்கிய வாசகர்கள் இன்றும் தேடி வாசிக்கிறார்கள். அந்தத் தொ.ப. பின்னாளில் அபிஷேகப்பட்டியில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தார். அவரைப் போன்ற ஒருவர் பணியாற்றியதைவிடப் பெரிய சாதனையை எந்தத் தரமதிப்பீட்டுக் குழு கண்டுபிடித்துவிடும்?

அவர் மறைந்தது 2020 டிசம்பரில். அதற்கு முந்தைய மாதம்தான், முதுகலை ஆங்கிலப் பாடத்தில் 2017 முதல் இருந்துவந்த அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’ நூலை இப்பல்கலைக்கழகம் நீக்கியது. மூன்றாண்டுகள் வகுப்பில் வாசிக்கப்பட்ட நூல், ஏ.பி.வி.பி. மாணவர் அமைப்பு புகார் அளித்ததும் ஆகாத நூலாயிற்று. ராயின் கருத்துகளோடு உடன்படாதவர்கள் எங்களிலும் உண்டு. ஆனால் உடன்படாத நூலை வரிவரியாக வாசித்து மறுக்கக் கற்பிக்கும் இடத்திற்குத்தான் பல்கலைக்கழகம் என்று பெயர். வெளியிலிருந்து குரல் எழுந்ததும் நூலை எடுத்து ஒளிக்கும் இடத்திற்கு வேறு பெயர் தேட வேண்டும்.

அந்த இடத்தை நிரப்ப வைக்கப்பட்டது மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள். இதில் எங்களுக்கு இரட்டை வருத்தம். கிருஷ்ணன் ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், நெல்லையில் பிறந்தவர், காட்டையும் பறவையையும் கூர்ந்து பார்த்து எழுதிய அபூர்வமான எழுத்தாளர். அவர் முதலிலேயே, தம் தகுதியால், பாடத்தில் இருந்திருக்க வேண்டியவர். இன்னொருவரை வெளியேற்றிய வெற்றிடத்தை மூடும் பலகையாக அவரைப் பயன்படுத்தியது இருவருக்கும் இழைத்த அவமரியாதை.

‘நிதி இல்லை, தரவரிசை இல்லாவிட்டால் நிதி வராது, தரவரிசைக்கு ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைகள்தாம் வேண்டும்’ என்பார்கள். உண்மைதான். ஆனால் கட்டடத்துக்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் ஐந்நூறு படிகள் அச்சிடுவதற்கு ஆவது சில்லறை. ஆய்வேடுகள் ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்படுகின்றனவே என்றும் சொல்வார்கள். களஞ்சியத்தில் கிடப்பது வேறு, செப்பனிடப்பட்டு வாசகன் கைக்கு வருவது வேறு. குதிரில் இருக்கும் நெல் தானாகச் சோறாவதில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, நெல்லை, தூத்துக்குடி, குமரி, தென்காசி மாவட்டங்களைப் பற்றிய சிறந்த ஆய்வேடுகள் ஆண்டுக்கு ஐந்தையேனும் பல்கலைக்கழகம் தமிழில் மலிவு விலையில் வெளியிட வேண்டும். 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டிலனாய் புதுக்கிக் கட்டிய எங்கள் கோட்டையில், பாண்டியரை நினைவூட்டும் மீன் உருவங்கள் கல்லில் இருக்கின்றன. பார்க்க வரும் பள்ளிப் பிள்ளை ‘இது யார் கட்டியது?’ என்று கேட்டால், கையில் கொடுக்க நம்பகமான சிறுநூல் வேண்டும். இரண்டாவது, ராஜாக்கமங்கலத்தில் பல்கலைக்கழகத்தின் கடல்சார் ஆய்வு மையம் இருக்கிறது. 2017 ஒக்கிப் புயலில் ஆட்களைப் பறிகொடுத்த கரை இது. கடலைப் பற்றி அங்கே அறியப்படுவது இக்கரை மீனவர்கள் படிக்கும் தமிழில் வர வேண்டும். மூன்றாவது, பாடத்திலிருந்து ஒரு நூலை நீக்கினால், நீக்கியவர்கள் அதை வாசித்ததற்கான சான்றாக, காரணங்களை எழுத்தில் வெளியிட வேண்டும்.

கட்டடத் திறப்பு விழாக்கள் நடக்கட்டும். நாங்களும் வந்து கைதட்டுகிறோம். ஆனால் ஒவ்வொரு விழாவும் சுந்தரனாரின் பாடலோடுதான் தொடங்கும். அது முடியும்வரை எழுந்து நிற்பவர்கள், அவர் படித்த கற்களை அவருக்குப்பின் யார் படிக்கிறார்கள் என்று ஒருமுறையேனும் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.