கடிக்கும் கிளியை என்ன செய்யலாம்?

வீட்டுப் பக்கம்



சுவிஸுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு தாயார் இப்பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பாடசாலையில் இன்னும் சிநேகிதர்கள் கிடைக்காத தனது எட்டு வயது மகனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு சிறிய கிளியை வாங்கிக் கொடுத்தார்களாம். இரண்டாம் நாளே அது அவன் விரலைக் கடித்துவிட்டது. இப்போது பிள்ளை கூட்டுக்குக் கிட்டப் போவதில்லை. கூடும் நாள் முழுக்கத் துவாயால் மூடியபடி இருக்கிறது. "இது கெட்ட குணமுள்ள கிளியா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

அவசரப்பட வேண்டாம். கெட்ட குணத்தினால் எந்தக் கிளியும் கடிப்பதில்லை. கடி என்பது அதன் கடைசி வார்த்தை. அதற்கு முன்பே அது பலமுறை "வேண்டாம்" என்று சொல்லியிருக்கும். அந்தப் பாஷை எமக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

கிளியின் பாஷை

கையை நீட்ட முதல் கிளியை ஒரு நிமிடம் பாருங்கள். உடலை ஒடுக்கிக்கொண்டு பின்னுக்குப் போகிறதா? அது பயம். கழுத்து இறகுகளைச் சிலிர்த்து, வாலை விரித்து, சொண்டைத் திறந்தபடி முன்னுக்குச் சாய்கிறதா? அது எச்சரிக்கை. கொண்டையுள்ள கிளியானால், கோபத்தில் கொண்டையைத் தலையோடு ஒட்டப் படியவிடும். பெரிய கிளிகளின் கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிவதுண்டு. அது கோபமாகவும் இருக்கலாம், குதூகலமாகவும் இருக்கலாம். எதுவானாலும் அந்நேரம் கையை நீட்டாமல் விடுவதே நல்லது.

சொண்டு பட்டதெல்லாம் கடியும் அல்ல. கிளிக்குச் சொண்டு மூன்றாவது கால் மாதிரி. விரலில் ஏற முன்னர், தாங்குமா என்று சொண்டால் பிடித்துப் பார்க்கும். அதைக் கடியென்று நினைத்துக் கையை வெடுக்கென்று இழுத்தால், இந்த விரலை நம்பக்கூடாது என்று கிளி படித்துக்கொள்ளும்.

ஏன் கடிக்கிறது?

முதற் காரணம் பயம். புதிய வீடு, புதிய சத்தம், புதிய முகங்கள். இது எப்படி இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அதோடு, மேலிருந்து இறங்கும் கை கிளிக்குப் பருந்து மாதிரித் தெரியும். கை எப்போதும் பக்கவாட்டில், கிளியின் நெஞ்சு மட்டத்துக்குக் கீழிருந்து மெதுவாக வரவேண்டும்.

இரண்டாவது, இடம். கூடு அதன் வீடு. உள்ளே கைவிட்டுத் துப்புரவு செய்யும்போது சில கிளிகள் சீறும். கிளி வெளியே நிற்கும் நேரத்தில் அந்த வேலையைச் செய்யுங்கள்.

மூன்றாவது, இனப்பெருக்க காலம். சாதுவான கிளியும் அப்போது முரடாகும். பெட்டி, இருட்டு மூலை போன்ற கூடு கட்டத் தோன்றும் இடங்களை மறைத்துவிடுங்கள். முதுகைத் தடவ வேண்டாம், தலையை மட்டும் தடவினால் போதும்.

நான்காவது, நித்திரைக் குறைவு. இரவு வேலை முடிந்து வரும் அப்பா, பதினொரு மணிவரை ஓடும் தொலைக்காட்சி, அதே அறையில் கூடு. கிளிக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேர அமைதியான இருட்டு வேண்டும். துவாயால் மூடுவது இரவில் சரி, பகலில் அது தண்டனை.

ஐந்தாவது, தனிமை. கிளி கூட்டமாக வாழும் பிராணி. 2008 செப்டெம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள சுவிஸ் மிருகப் பாதுகாப்பு விதிகளின்படி, கிளி வகைகளை ஆகக் குறைந்தது இரண்டாக வளர்க்க வேண்டும். கண்ணாடி தொங்கவிடுவது துணை ஆகாது. இது தெரியாமல் ஒன்றை மட்டும் வாங்கியவர்கள், அதே இனத்தில் இன்னொன்றைச் சேர்ப்பது பற்றி யோசியுங்கள்.

ஆறாவது, நோய். இதுவரை கடிக்காத கிளி திடீரெனக் கடித்தால் எங்காவது வலி இருக்கலாம். கிளிகள் வருத்தத்தை மறைக்கும். இறகை ஊதிக்கொண்டு கூட்டின் அடியில் இருந்தாலோ, தீன் எடுக்காவிட்டாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

எப்படிப் பழக்குவது?

முதல் சில நாட்கள் தொடவே வேண்டாம். பிள்ளை கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். ஜேர்மனாக இருந்தாலென்ன, தமிழாக இருந்தாலென்ன, பிழையாக வாசித்தாலும் கிளி சிரிக்காது.

அடுத்தது தினைக் கதிர். கடையில் "கோல்பன்ஹிர்ச" என்று கேளுங்கள். அதைக் கம்பிக்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். கிளி தானாக வந்து கொத்தத் தொடங்கியபின், கூட்டின் கதவைத் திறந்து உள்ளே பிடியுங்கள். கை அசையக்கூடாது. கிளியே வரட்டும்.

அதற்குப் பிறகுதான் விரல். கால்களுக்குச் சற்று மேலே, நெஞ்சின் அடியில் விரலை வைத்து "ஏறு" என்று சொல்லுங்கள். ஏறினால் உடனே ஒரு தினை. ஒருநாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் போதும். கிளி களைக்க முன்னரே நிறுத்திவிடுங்கள். சில கிளிகளுக்கு ஒரு கிழமை, சிலவற்றுக்குச் சில மாதங்கள் எடுக்கும். பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடித்துவிட்டால்?

சத்தம் போட வேண்டாம். நாங்கள் கத்தினால் சில கிளிகளுக்கு அது விளையாட்டு, சிலவற்றுக்குப் பயம். இரண்டுமே அடுத்த கடிக்குத்தான் வழி. சொண்டில் தட்டுவது, முகத்தில் ஊதுவது, கையை உலுப்பி விழுத்துவது எல்லாம் பகையைத்தான் வளர்க்கும். சத்தமில்லாமல் கிளியைக் கிட்டவுள்ள ஓரிடத்தில் இறக்கிவிட்டு, ஒரு நிமிடம் மறுபக்கம் திரும்பி நில்லுங்கள். பிறகு அதற்குத் தெரிந்த இலேசான ஒன்றைச் செய்யவைத்துத் தினை கொடுத்து முடியுங்கள்.

விரலில் மிளகாய் பூசினால் கடிக்காது என்று சிலர் சொல்வார்கள். மிளகாயின் உறைப்பு பறவைகளுக்குத் தெரியாது. எரிவது பிள்ளையின் கண்தான்.

கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவுங்கள். காயம் ஆழமென்றால், அல்லது வீங்கிச் சிவந்தால், வைத்தியரிடம் போங்கள். வீட்டில் எவருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், கிளி வளர்ப்பதையும் வைத்தியருக்குச் சொல்லுங்கள். கிளிகளிடமிருந்து தொற்றும் காய்ச்சல் ஒன்று உண்டு. முகத்தோடு அணைத்து முத்தமிடுவதைப் பிள்ளைகள் பழகாமல் இருக்கட்டும்.

இன்னொரு உதவி, ஒரு கலண்டர். கடித்த நேரம், இடம், யாரை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு கிழமையில் காரணம் பெரும்பாலும் தானாகவே தெரியவரும். சிவப்பு நகப்பூச்சாக இருக்கலாம், தொப்பியாக இருக்கலாம், பசி நேரமாகவும் இருக்கலாம்.

கடிதம் எழுதிய தாயாருக்கு எமது பதில் இதுதான்: திருப்பிக் கொடுக்க வேண்டாம். இன்றைக்கே துவாயை எடுத்துவிடுங்கள். மகனைத் தொடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், பார்க்கச் சொல்லுங்கள். "இப்போது பயப்படுகிறது", "இப்போது சந்தோசமாக இருக்கிறது" என்று அவன் சொல்லத் தொடங்கும் நாளில் அவனுடைய பயமும் பாதி போய்விடும். வேண்டாம் என்றதைக் கேட்டு விலகி நிற்கும் கையிடம்தான் கிளி ஒருநாள் தானாக வரும்.

அடுத்த இதழில்: குசினிப் புகையும் ரெப்லோன் சட்டியும், ஆனைக்கொய்யாவும் கிளிக்கு ஏன் ஆபத்து?